ரப்பர்த் தரை

பள்ளி விடுமுறையில் எங்கள் வீட்டு மகிழுந்துக் கொட்டகைக்கு ரப்பர்த் தரையோடுகள் பொருத்தினேன். மழைச்சாரலில் அங்குச் சிமெண்டுத் தரை வழுக்கும். ஊன்றுகோலுடன் நடக்கும் அம்மாவை நினைத்தே இவ்வேலை.

ஓர் ஓட்டின் பல், அடுத்ததன் பள்ளத்தில் அமர வேண்டும். ரப்பர்ச் சுத்தியலால் தட்டினால் போதும், பசை வேண்டா. சுவரோரம் சிறிது இடைவெளி விட்டேன். வெயிலில் ரப்பர் விரியும். இடமில்லையேல் நடுவில் புடைக்கும். (அறிவியல் பாடம்தான், ஆசிரியர்களே!) வாசற்பக்கம் சரிவான ஓரப்பட்டை அவசியம். ஓட்டின் கனம் சிறிதாயினும், செங்குத்தான விளிம்பு முதியோர் காலை இடறிவிடும்.

1877-இல் நம் கோலா கங்சாரில் நட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று இன்றும் மரமாய் நிற்கிறது. அம்மாவோ தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஓட்டை மிதித்துப் பார்த்து, “ஒட்டுப்பாலில் செய்ததா ஐயா?” என்றார். பழைய டயர்களை அரைத்துச் செய்தது என்றேன்.

இப்போதெல்லாம் துணி காயப்போட அவர் என்னை அழைப்பதில்லை.