தோழி வீட்டில் இரண்டு நாட்கள்

கோடை விடுமுறை என்றதும் மாணவியர் உள்ளம் குளிர்ந்த மலையை நோக்கித் தாவுவது இயல்பே. கடந்த மே மாதம் அக்காள் தங்கையராகிய எங்கள் இருவரையும் பெற்றோர் ஏற்காட்டிற்கு அழைத்துச் சென்றனர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, சேர்வராயன் மலைமேல் ஏறியதும் வீசிய காற்றை என்னென்பது! ஏரியில் படகு விட்டோம். காப்பித் தோட்டங்களையும், மிளகுக் கொடி சுற்றிய மரங்களையும் கண்டு களித்தோம். கோடை விழாக் காலமாதலால் எங்கு நோக்கினும் கூட்டம். படகிற்கும் வரிசை, உணவிற்கும் வரிசை! ஆறு நாட்களில் கண்கள் நிறைந்தன. கால்களோ ஓய்வு கேட்டன.

அந்த ஓய்வு எங்களுக்கு மலையில் அல்ல, திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கிடைத்தது. அங்கேதான் எங்கள் அருமைத் தோழியின் வீடு. விடுதியில் எங்களோடு ஒரே அறையில் இருந்தவள் அவள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் ஊருக்குச் சென்றவள் திரும்பவில்லை. லாரி ஓட்டுநரான அவளுடைய தந்தை விபத்தில் கால் முறிந்து படுத்துவிட்டார் என்று மட்டும் அறிந்தோம். “அவள் படிப்பை நிறுத்திவிட்டாளோ?” என்ற கேள்வி எங்களை வாட்டிக்கொண்டே இருந்தது. சென்னைக்குத் திரும்பும் வழிதானே என்று அம்மாவிடம் கெஞ்சினோம். அம்மாவும் இசைந்தார்.

சேலத்தில் பேருந்து ஏறினோம். ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி என ஊர்கள் ஓடின. இடப்புறம் கல்வராயன் மலை நெடுந்தொலைவு எங்களோடு துணை வந்து, பிறகு மறைந்தது. உளுந்தூர்ப்பேட்டை தாண்டி விழுப்புரத்தில் இறங்கியபோது கத்திரி வெயில் நெருப்பாய்க் கொட்டிற்று. “மலையில் இருந்த குளிர் எங்கே, இந்த அனல் எங்கே!” என்று அப்பா சிரித்தார். நிலையத்தருகே நுங்கு வாங்கித் தந்தார். அமிர்தம் போல் இருந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் திண்டிவனம்.

வாசலிலேயே தோழி ஓடி வந்து எங்களைக் கட்டிக்கொண்டாள். சற்றே மெலிந்திருந்தாள், சிரிப்பு மட்டும் மாறவில்லை. “வாங்க கண்ணுங்களா, வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல மோர் குடிங்க” என்றார் அவளுடைய ஆயா. அவள் தந்தை திண்ணையில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்து அமர்ந்திருந்தார். எழ முயன்றவரை அப்பா ஓடிச்சென்று அமரச் செய்தார்.

மாலையில் ஏரிக்கரையில் நடந்தோம். கரை நெடுகப் பனைகள். இரவு முற்றத்தில் பாய் விரித்து, வறுத்த வேர்க்கடலையைக் கொறித்தபடி கதை பேசினோம். வரிசையும் இல்லை, கடிகாரமும் இல்லை! திண்டிவனம் என்ற பெயர் ‘திந்திரிணி வனம்’ என்பதிலிருந்து வந்தது என்றும், திந்திரிணி என்றால் புளியமரம் என்றும் தோழி விளக்கினாள். எங்கள் வகுப்பில் வரலாற்றில் முதல் மதிப்பெண் பெற்றவளாயிற்றே!

மறுநாள் மயிலம் வழியாகத் திருவக்கரைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே மரங்களெல்லாம் கல்லாகிக் கிடக்கின்றன! ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலுக்குள் புதைந்தன. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் உள்ளே மெல்ல மெல்லப் புகுந்து, மரம் இருந்த இடத்தில் கல்லாய் நின்றுவிட்டது. வேரும் கிளையும் காணப்படாமையே அவை வேறிடத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று. 1781-ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். புளி, ஆமணக்குக் குடும்பத்து மரங்களும் இவற்றுள் உண்டாம். புளியங்காடு என்று பெயர் பெற்ற ஊருக்கு அருகே கல்லான புளிய இனம்! நாங்கள் வியந்து நின்றோம்.

அந்தக் கல்மரத்தின் நிழலற்ற ஓரத்தில்தான் தோழி மனம் திறந்தாள். “அப்பாவால் இனி லாரி ஓட்ட முடியாது. அம்மா தையல் தைக்கிறாள். விடுதிச் செலவு இனி எங்களால் ஆகாது. நான் உங்களோடு வரமாட்டேன்” என்றாள். எங்களுக்குத் தொண்டை அடைத்தது. அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படிப்பை விடவில்லை. திண்டிவனத்தில் அரசுப் பள்ளியில் சேரப் போகிறேன். காலையில் அப்பாவைக் கவனித்துவிட்டுப் பேருந்தில் போய் வரலாம்” என்றாள்.

அன்றிரவு அவளுடைய தாயார் எங்கள் அம்மாவிடம், “நான் எட்டாவதோடு நின்னவ. இவ நிக்கக் கூடாதுங்க அக்கா. ராத்திரி எத்தனை நேரமானாலும் தைப்பேன்” என்று சொன்னதை நாங்கள் பாயில் படுத்தபடி கேட்டோம். எங்களுக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

விடைபெறும்போது ஆயா ஒரு பை நிறையப் புளியும் வேர்க்கடலையும் கட்டித் தந்தார். “அடுத்த முறை செஞ்சிக் கோட்டை ஏறலாம்” என்றாள் தோழி. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில், தமிழகத்தில் உள்ளது அது ஒன்றே என்று அப்போதும் பாடம் நடத்தினாள்!

அன்புத் தோழியரே! ஏற்காடு எங்கள் கண்களுக்கு விருந்தளித்தது. ஆனால் மனம் இளைப்பாறியது, வெயில் காயும் அந்தச் சமவெளியில்தான். துன்பத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒருத்தியின் அருகில் இருந்ததே எங்களுக்குக் கிடைத்த ஓய்வு. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அவளிடமிருந்து கடிதம் வந்தது. புதிய பள்ளியில் சேர்ந்துவிட்டாளாம். தந்தை ஊன்றுகோலுடன் ஏரிக்கரை வரை நடக்கிறாராம். அதைப் படித்துக் காட்டியபோது வகுப்பே கைதட்டியது.