தஞ்சையில் கல் சொல்லும் பெயர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலின் வாசலை அடைந்தவர் எவரும் முதலில் செய்வது ஒன்றுதான்: 1010-ம் ஆண்டில் இராஜராஜ சோழன் எடுத்து முடித்த விமானத்தை அண்ணாந்து பார்ப்பது. நாமும் கழுத்து வலிக்குமட்டும் பார்த்தோம். ஆனால் அங்கே செல்லும் நேயர்கள் பார்வையைச் சற்றே தாழ்த்தி, மதில்களில் உள்ள எழுத்துக்களையும் கவனிக்க வேண்டுகிறோம்.

சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரை வரவழைத்துக் குடியேற்றினான் இராஜராஜன். இன்ன சிறகில் இத்தனையாம் வீடு, இன்ன ஊர்த் தளியிலிருந்து வந்த இன்னாள் என்று ஒவ்வொருத்தியின் பெயரையும் கல்லில் பொறித்தான். ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் நூறு கலம் நெல் என்று ஜீவனமும் விதித்தான். நட்டுவர், குழலூதுவோர் மட்டுமல்ல. தையற்காரனும் தச்சனும் கூட அந்தக் கல்வெட்டில் இடம்பெற்றிருக்கின்றனர்.

விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களுள் 81 மட்டுமே செதுக்கப்பட்டிருக்கின்றன. மற்றவற்றுக்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. சிற்பியின் உளி நின்றாலும் ஆடல் நின்றுவிடவில்லை. சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் அரண்மனையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர், அலாரிப்பு முதல் தில்லானா வரை நடனக் கச்சேரிக்கு ஒரு முறை வகுத்துத் தந்தனர். 2010-ல், ஆயிரமாவது ஆண்டு விழாவில், ஆயிரம் நடனக் கலைஞர்கள் இக்கோயிலில் ஒருங்கே ஆடினார்கள்.

கோயிலை விட்டு நகருக்குள் நடந்து, வீணை செய்யும் பட்டறை ஒன்றில் நுழைந்தோம். பலா மரத்தைக் குடைந்து குடமாக்குகிறார் ஒருவர். யாளி முகத்தைச் செதுக்குகிறார் மற்றொருவர். மெழுகின் மேல் 24 மெட்டுக்களைச் சுருதி பார்த்துப் பதிக்கிறார் முதியவர். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் கிடைத்த பெருமைதான். ஆயினும், "பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், ஐயா" என்று முதியவர் தலை நிமிராமலே சொன்னபோது, நம்மால் மறுமொழி கூற முடியவில்லை.

நெல் அளக்க இன்று அரசர் இல்லை. வீட்டுக்கு வீணை வாங்கும் குடும்பங்களே இக்கலைக்குப் புரவலர். வாசிக்கும் வித்துவானின் பெயரை நாம் அறிவோம். செய்தவர் பெயரைக் கேட்பதேயில்லை. தஞ்சைக்குப் போகிறவர்கள் பட்டறைக்கும் ஒரு நடை செல்லட்டும். பேரம் பேசுமுன் பெயரைக் கேட்கட்டும். தச்சனையும் மறவாது கல்லில் எழுதிய ஊரில், இது பெரிய காரியம் அல்லவே!