உப்புக் காற்றுக்கு ஒரு ஹெட்போன்

ஜூலை 19, 2025, சனி

சீட்டு விழுந்துவிட்டது. நாற்பதாயிரம் ரூபாய். வாஷிங் மெஷின் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று வீட்டில் ஒத்துக்கொள்ள வைத்ததுதான் பெரிய வேலை. இனி ஹெட்போன்.

யாரிடம் விசாரித்தாலும் முதலில் ஆம்ப்ளிஃபயர் பேச்சுதான் வருகிறது. நல்ல ஹெட்போன் என்றால் ஆம்ப் கட்டாயம், ஆம்ப் இல்லாவிட்டால் காசு தண்டம். ஏன் கட்டாயம் என்று திருப்பிக் கேட்டால் "சவுண்ட் திறக்கும் அண்ணாச்சி" என்கிறார்கள். எதைத் திறக்கும்? ஒருவரும் கணக்காகச் சொல்லவில்லை. கிளியரிங் ஆபீசில் டன், கன மீட்டர், டெமரேஜ் என்று நாள் முழுக்க எண்ணோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இது போதாது.

கட்டாயம் என்று நானே எழுதி வைத்துக்கொண்டவை வேறு. ராத்திரி பத்து மணிக்கு மேல் மாடி அறையில் கேட்க வேண்டும். அங்கே ஏசி கிடையாது, ஃபேன்தான். காது வேர்க்கக் கூடாது. உப்புக் காற்றில் வயர் போனால் வயரை மட்டும் மாற்ற முடிய வேண்டும். பழைய செட் போனதே பிளக்கில் பச்சை பூத்துத்தான்.

ஜூலை 22, செவ்வாய்

ரேடியோ மாமா வீட்டுக்குப் போனேன். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். 1999 பிப்ரவரி முதல் தேதியோடு கப்பல்களில் மோர்ஸ் காவல் முடிந்து, சாட்டிலைட் முறை முழுசாக வந்துவிட்டது. அதற்கு முன்னால் 500 கிலோஹெர்ட்ஸில் காதை வைத்து உட்கார்ந்திருப்பதுதான் இவர்கள் உத்தியோகம். ரேடியோ ரூம் கடிகாரத்தை இன்னும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். முகப்பில் 15லிருந்து 18 வரைக்கும், 45லிருந்து 48 வரைக்கும் சிவப்பு. அந்த மூன்று மூன்று நிமிஷம் கடலில் எந்தக் கப்பலும் அந்த அலைவரிசையில் வாய் திறக்கக் கூடாது. பலவீனமான அபாய சிக்னல் ஏதாவது வருகிறதா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பீரோவிலிருந்து அவருடைய ஹெட்போனை எடுத்துக் காட்டினார். கறுப்பு பேக்லைட் மூடி, துணி சுற்றிய வயர், மூடியில் 2000 ஓம் என்று பொறித்திருக்கிறது. மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு இரும்புத் தகடு, அதன் பின்னால் தலைமுடியை விட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. "இவ்வளவு சுத்து எதுக்கு மாப்ள? வர்ற கரண்ட் கொஞ்சூண்டு. அதுல தகடு அசையணும்லா." 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு நத்தானியல் பால்ட்வின் செய்து அனுப்பினாரே, அந்த வம்சம்தான் இது. ஹெட்போன் பிறந்ததே பாட்டுக்காக இல்லை என்பதில் மாமாவுக்கு ஒரு பெருமை.

ஆம்ப் கணக்கை அவரிடமே கேட்டேன். சென்ஹைசர் எச்டி 600ஐ உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டோம். 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் என்று கம்பெனியே சொல்கிறது. போனில் செருகும் சின்ன டாங்கிள் தருவது சுமாராக ஒரு வோல்ட். ஆக, அதிகபட்சமே 97. நாம் சாதாரணமாகக் கேட்கும் அளவு சராசரி 75, 80. ஆனால் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் மத்தளம் விழும் கணம் சராசரிக்கு மேலே 20 டெசிபல் எழும்பும். அப்போது 100 வேண்டும். டாங்கிளுக்கு மூச்சு வாங்கும். கொஞ்சம் கைவசம் இருக்கட்டும் என்று 110 வைத்துக்கொண்டால் 4.5 வோல்ட். வோல்ட்டை வர்க்கமாக்கி ஓமால் வகுத்தால் 67 மில்லிவாட்.

மாமா பேனாவை மூடினார். "அறுபத்தேழு மில்லிவாட்டுக்கா ஊரெல்லாம் இந்தப் பேச்சு பேசுதான்?"

அதே டாங்கிளில் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம், போட்டுப் பார்த்தோம். ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். ஒரு வோல்ட் என்றால் 12.5 மில்லிவாட், 107 டெசிபல் வந்துவிடுகிறது. இதற்கு ஆம்ப் எதற்கு?

எந்த ஹெட்போன் என்று முடிவாகாமல் ஆம்ப்பைப் பற்றிப் பேசுவது வீண். இது எனக்கு இன்றைக்குத் தெளிவாயிற்று. கூடவே ஒன்று சொன்னார்: ஆம்ப்பின் சொந்த மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில ஹெட்போன்களில் கீழ்ஸ்தாயி வீங்கிப்போகும்.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கொடியேற்றம். சாயங்காலம் விமான நிலையப் புது முனையத்தைத் திறக்கப் பிரதமர் வருகிறார் என்று ரோடெல்லாம் போலீஸ். இரண்டுக்கும் நடுவில் ஊர் திக்குமுக்காடிவிட்டது. தெரு முனையில் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். ஆகஸ்ட் 5 வரைக்கும் இப்படித்தான். திறந்த முதுகு ஹெட்போன் எல்லாம் இந்தத் தெருவுக்கு லாயக்கே இல்லை, மூடிய வகைதான் என்று மாமாவுக்குப் போன் போட்டேன். "திருவிழா பத்து நாளை வச்சு வருஷத்துக்கும் முடிவெடுக்காத" என்றார்.

ஜூலை 31, வியாழன்

ஆபீஸ் வேலையாக நேற்று ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்து இன்றைக்குச் சென்னை. வேலை மதியமே முடிந்தது. ஹெட்போன்களைப் போட்டுப் பார்த்து வாங்கும் கடை ஒன்றில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். தொந்தரவு செய்யவில்லை, நல்ல பையன்கள்.

கடைக்காரர்கள் போட்டுக் காட்டும் பாட்டில் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு மனப்பாடமான பாட்டுகளைக் கொண்டு போயிருந்தேன்.

முதலில் காருகுறிச்சி அருணாசலம். 1962, கொஞ்சும் சலங்கை. நாகஸ்வரத்தோடு ஜானகி பாடுகிற அந்தப் பாட்டு. கோவில்பட்டியில் சிலையாக நிற்கிற மனிதர், நம்ம மாவட்டத்துச் சொத்து. மோனோ பதிவு. ஹெட்போனில் மோனோ கேட்டால் சத்தம் இடமும் இல்லை, வலமும் இல்லை, மண்டைக்கு நடுவில் உட்காரும். மூடிய டிடி 770இல் கீழ்ஸ்தாயி தூக்கலாக இருந்தது, தவில் அழகாக விழுந்தது, ஆனால் மேல்ஸ்தாயியில் நாகஸ்வரம் பல்லைக் கூச வைத்தது. ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் கலகலப்பானது, அரை மணி நேரத்தில் அலுத்தது. எச்டி 600இல் பந்தா எதுவும் இல்லை. நாகஸ்வரச் சீவாளியின் கரகரப்பும் ஜானகியின் குரலும் ஒன்றையொன்று துரத்தும் இடத்தில் எது எது என்று பிரித்துக் காட்டியது. அது போதும் எனக்கு.

அப்புறம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?', 1986. அதற்கப்புறம் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்த 2005 திருவாசகம். இங்கேதான் மாமாவின் கணக்கைச் சோதித்தேன். என் டாங்கிளில் எச்டி 600ஐச் செருகி, ரோஜா பாட்டு போட்டால் சத்தம் தாராளம். திருவாசகத்தில் மெல்லிய இடங்கள் கேட்கிற அளவுக்கு ஏற்றினால் வால்யூம் உச்சிக்குப் போய் நின்றுவிட்டது. ஆம்ப்பில் கால்வாசி கூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. ஒரே அளவு சத்தத்தில் ரோஜாவை மாற்றி மாற்றிக் கேட்டபோது டாங்கிளுக்கும் ஆம்ப்புக்கும் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. "திறக்கும்" என்றவர்கள் வந்து காட்டட்டும்.

கடையில் ஏசி 22 டிகிரி. டிடி 770இன் மூடிய கிண்ணம் அங்கே சுகமாகத்தான் இருந்தது. நம்மூர் மாடியில்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உள்ளூர் விடுமுறை. சப்பரம், கூட்டம், வீடு நிறைய விருந்தாளி. மக்ரூன் டப்பா காலி. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஸ்பீக்கர்களை அவிழ்த்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு மாடியில் சும்மா உட்கார்ந்து காது கொடுத்துப் பார்த்தேன். ஃபேன் சத்தம், எங்கேயோ ஒரு நாய், துறைமுகப் பக்கமிருந்து எப்போதாவது ஒரு ஹாரன். ஃபேனை இரண்டில் வைத்தால் போதும். திறந்த வகைக்கு இந்த அமைதி தாங்கும்.

வெயில் காலத்தையும் யோசித்தேன். மூடிய வகையில், அதுவும் ரெக்சின் மெத்தையில், இருபது நிமிஷத்தில் காதோரம் நனைந்துவிடும். எச்டி 600க்கு வெல்வெட் மாதிரித் துணி மெத்தை, பின்பக்கம் வெறும் கம்பி வலை, காற்று போய் வரும். 1968இல் எச்டி 414 என்று முதல் திறந்த ஹெட்போனை இந்தக் கம்பெனிதான் விட்டது. எச்டி 600 வந்தது 1997இல். இத்தனை வருஷம் கழித்தும் மெத்தை, வயர், தலைப்பட்டை எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கிறது. உப்புக் காற்று ஊரில் எனக்கு இது ஒலித் தரத்தை விடப் பெரிய காரணம்.

கன்டெய்னர் யார்டுக்கு இதைக் கொண்டுபோகும் எண்ணமே இல்லை. ரீச் ஸ்டாக்கர் பின்னால் வரும்போது காதில் பாட்டு ஓடினால் அப்புறம் வீட்டில் பாட்டு ஓட வேண்டியிருக்காது. ரயிலுக்குப் பழைய இயர்போன் போதும்.

ஆர்டர் போட்டாயிற்று. எச்டி 600. ஆம்ப்புக்கு மூன்றே நிபந்தனை: 300 ஓமில் 4.5 வோல்ட் தர வேண்டும், சொந்த மின்மறுப்பு இரண்டு ஓமுக்குள், போன் யூஎஸ்பியை நேரடியாக வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு உள்ளங்கை அளவுப் பெட்டியே நிறைய இருக்கிறது. வால்வு ஆம்ப் அழகுதான், ஆனால் அந்தச் சூட்டையும் மாடியில் சேர்த்துக்கொள்ள முடியாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பெட்டி வந்து மூன்றாம் நாள். லீவு என்பதால் திரேஸ்புரத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது, பெரியப்பா கடலில் இறங்கியதே அதற்கப்புறம்தான். எட்டு பாகத் தண்ணீரில் மேலே இருப்பதைப் போல இரண்டரை மடங்கு அழுத்தம். மூக்கைப் பிடித்துக் காற்றை உள்ளேயே தள்ளிக் காதைச் சமன் செய்துகொண்டே இறங்க வேண்டும். சளி பிடித்த நாளில் அது நடக்காது, அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது. போனார். இடது காது ஜவ்வு கிழிந்தது.

ஹெட்போனை மாட்டிவிட்டு இளையராஜாவைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார்.

"என்னல, பாதிப் பேரு வாசிக்காம நிக்கான்?"

இடது பக்கம் ஒதுக்கி வைத்த வாத்தியங்கள் அவருக்கு இல்லவே இல்லை. போன் செட்டிங்கில் அணுகல் வசதிப் பக்கத்தில் மோனோ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் கலந்து ஒவ்வொரு காதுக்கும் முழுசாக வரும். அழுத்தினேன். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து காருகுறிச்சி. அது பிறவியிலேயே மோனோ, பொத்தானே வேண்டாம். முழுப் பாட்டும் கேட்டுவிட்டு, ரேடியோவில் இலங்கை ஸ்டேஷனில் கேட்டபோது இந்தத் தவில் இவ்வளவு இல்லையே என்றார். இருக்காது. மத்திய அலையில் அதில் பாதி நம்ம வீட்டுக்கு வந்தே சேராது.

வால்யூமை ஏற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்ப்பில் இடம் நிறைய இருக்கிறது என்பதற்காக மிச்சமிருக்கிற வலது காதில் அதையெல்லாம் கொட்ட முடியுமா? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம் என்கிறது. மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 90க்குப் போனால் வாரம் முழுவதற்கும் நாலு மணி நேரம்தான். எனக்கும் யார்டில் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றதை அதில் கழித்துக்கொள்ள வேண்டும். கெயின் பொத்தானைக் கீழே தள்ளி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஏற்றுமதிச் சரக்கில் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து ஆபீசில் கேட்டு வாங்கி, ஹெட்போன் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். பிளக்கை வாரம் ஒரு தடவை துடைப்பதாகத் திட்டம்.

மதியம் மாமா வந்தார். கையில் பேக்லைட் ஹெட்போன். அதன் கால் இன்ச் பிளக் ஆம்ப்பின் முகப்பில் இருக்கும் ஓட்டைக்குக் கனகச்சிதமான அளவு. நான் செருகப் போனேன், கையைப் பிடித்துவிட்டார்.

"இரு மாப்ள. இது மோனோ பிளக். உள்ள போச்சுன்னா வலது சேனல் நேரா கிரவுண்டுல ஷார்ட்."

ஆம்ப்பில் பாதுகாப்பு இருக்கும் என்றேன். வாரண்டிக் கார்டு இங்கிலீஷில் என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கு ஆபீஸ் விட்டு வரும்போது ஒரு ஸ்டீரியோ பிளக்கும் கொஞ்சம் ஈயமும் வாங்கி வர வேண்டும். பற்றவைப்பது அவர் பொறுப்பு.