எதிர்க் கட்சியின் துக்கம்

ஒரு குடும்பம் நொடித்துப் போனால் அந்தக் கதையைப் பிசகில்லாமல் சொல்லக் கூடியவர் பங்காளிதான். எந்த வயலை எந்த வருஷம் விற்றார்கள், என்ன விலைக்குப் போயிற்று, யார் பேச்சைக் கேட்டுக் கெட்டார்கள் என்பதெல்லாம் குடும்பத்தாரைக் காட்டிலும் அவருக்கே துல்லியமாகத் தெரிந்திருக்கும். அவர் உள்ளத்தில் இருப்பது சந்தோஷமா, துக்கமா என்று மட்டும் நம்மால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. 2018-ம் வருஷத்திலிருந்து சில ஆண்டுகள் கல்கத்தாவில் வசித்தபோது, கால்பந்து விஷயத்தில் இதை நாம் தினந்தோறும் காண நேர்ந்தது. (அந்நகரத்துக்கு 2001-ல் கொல்கத்தா என்று பெயர் மாற்றிவிட்டார்கள் என்பதை அறிவோம். ஆனால் நம் நாக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை; நேயர்கள் மன்னிக்க வேண்டும்.)

நாம் குடியிருந்தது லேக் மார்க்கெட் பக்கம். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் காப்பிப் பொடியும் தட்டின்றிக் கிடைக்கும் பேட்டையாகையால் தென்னாட்டவர் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறார்கள். நம் வீட்டு மாடியில் எண்பதை எட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். தெரு முனையில் அவரைவிடப் பதினைந்து வயது இளையவரான ஒரு மருந்துக் கடைக்காரர். கடைக்காரர் பெரியவரை 'தாதா' என்றுதான் அழைப்பார். நம் ஊர்ச் சினிமாவில் கத்தியோடு வரும் தாதா அல்ல. வங்காளத்தில் அது அண்ணனைக் குறிக்கும் மரியாதைச் சொல். பெரியவரும் அவரைப் 'பாய்' என்று தம்பி முறை கொண்டாடுவார். இவ்வளவு உறவாடும் இருவரும் மாலை ஆறு மணிக்கு மருந்துக் கடை பெஞ்சியில் உட்கார்ந்தார்களானால் ஜன்ம வைரிகள். பெரியவர் ஈஸ்ட் பெங்கால் கட்சி. கடைக்காரர் மோகன் பகான் கட்சி.

இந்தக் கட்சிப் பிரிவினை பந்தோடு நிற்பதன்று. மேற்கு வங்காளத்துப் பூர்வ குடிகளுக்குக் 'கோட்டி' என்று பெயர். (நெல்லைச் சீமை நேயர்கள் சிரிக்க வேண்டாம், அங்கே அதற்குச் செம்பு என்று அர்த்தம்.) கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. கோட்டிகளுக்கு மோகன் பகானும் இறால் மீனும். பாங்கால்களுக்கு ஈஸ்ட் பெங்காலும் உல்லம் மீனும். இரு கோஷ்டியும் மோதுகிற தினத்தில் மீன் கடையில் எதற்குக் கிராக்கி என்று பார்த்தே வெற்றி யாருக்கு என்று சொல்லிவிடலாம் என்பார்கள். சைவ உணவுக்காரராகிய நாம் இந்த இலக்கணத்தைக் காதால் கேட்டதோடு சரி.

மோகன் பகான் 1889-ல் தோன்றியது. 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி வெறுங்காலோடு ஆடியவர்களே மிகுந்திருந்த அந்தக் கோஷ்டி, பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. தேசம் முழுவதும் அன்று தலைநிமிர்ந்தது. ஈஸ்ட் பெங்கால் பிறந்ததோ ஒரு கோபத்தில்! 1920-ல் ஜோராபாகன் கிளப் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை ஒதுக்கி வைத்தது. அதைப் பொறாத சுரேஷ் சந்திர சௌதுரி வெளியேறி, ஆகஸ்ட் 1-ந் தேதி கிழக்கு வங்காளத்தவருக்கென்று தனிக் கிளப் கண்டார். பிறகு 1947 வந்தது. ஊரும் வயலும் குளமும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட, உடுத்த துணியோடு வந்தவர்களுக்குக் 'கிழக்கு வங்காளம்' என்பது சிவப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு சட்டையில்தான் மிஞ்சியிருந்தது.

நம் பெரியவர் பாரிசாலிலிருந்து ஆறு வயதில் தகப்பனார் தோளில் ஏறி வந்தவர். "வீட்டை விட்டு வந்தோம். படகை விட்டு வந்தோம். கிளப் ஒன்றுதான் எங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்து இடம் பிடித்து வைத்திருந்தது" என்று ஒருநாள் சொன்னார். ஒரு விளையாட்டுச் சங்கத்தின் வீழ்ச்சிக்கு மனிதர்கள் இப்படி உருகலாமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் நம்மிடம் இல்லை.

வீழ்ச்சி என்றால் எந்த உயரத்திலிருந்து என்று சொல்ல வேண்டுமல்லவா? 1949, 1950, 1951 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ஷீல்டு. அந்தக் காலத்து முன்னணி ஆட்டக்காரர் ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்றே வங்காளிகள் கொண்டாடினார்கள்: வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவரும் தென்னிந்தியர்! வங்காள அகதிகளின் கண்ணீரைத் துடைத்த கால்கள் பெங்களூரிலிருந்தும் காக்கிநாடாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போனவை. இதைப் பெரியவர் சொல்லும்போதெல்லாம் நாமே ஒரு கோல் போட்டதுபோல் நிமிர்ந்து உட்காருவது வழக்கம். பிறகு 1970 முதல் 1975 வரை ஆறு முறை இடைவிடாமல் கல்கத்தா லீக். 1997-ல் ஸால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேருக்கு மேல் கூடியிருக்க, பாய்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டு மோகன் பகானை 4-1 என்று கவிழ்த்தார். 2003-ல் ஜகார்த்தாவுக்குப் போய்த் தாய்லாந்துக் கோஷ்டியை 3-1 என்று வென்று ஆஸியான் கோப்பையைக் கொண்டுவந்தார்கள்.

இதெல்லாம் பெரியவர் சொன்ன கதை. ஆனால் 1975-ம் வருஷத்து ஷீல்டு இறுதிப் பந்தயத்தைப் பற்றி மட்டும் அவர் சொல்லி முடித்ததில்லை. அன்று ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பகானைத் துவைத்துவிட்டது. ஒரு மாலை பெரியவர் அந்த ஐந்து கோல்களையும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "முதலில் சுரஜித் ஸென்குப்தா. பிறகு சியாம் தாபா. அடுத்ததும் சியாம் தாபா…"

"இல்லை தாதா," என்றார் கடைக்காரர், மருந்துச் சீட்டிலிருந்து தலை நிமிராமலே. "மூன்றாவது ரஞ்ஜித் முகர்ஜி. தாபாவின் இரண்டாவது கோல் நாலாவதாக வந்தது. கடைசி சுபங்கர் ஸான்யால். நடுவில் தாபா ஒரு பெனால்டியை வேறு வீணாக்கினார், இல்லாவிட்டால் ஆறு."

அப்போது கடைக்காரருக்குப் பதினெட்டு வயதாம். மோகன் பகான் கொடியோடு போய், கொடியை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாராம். ஜயித்தவருக்கு மறந்துபோன வரிசை தோற்றவருக்குத் தலைகீழ்ப் பாடமாக இருந்தது!

இனிச் சரிவைச் சொல்ல வேண்டும். ஈஸ்ட் பெங்கால் தேசிய லீகை 2001, 2003, 2004 ஆகிய வருஷங்களில் வென்றது. அதன்பின் ஐ-லீக் நடந்த காலம் முழுவதும் ஒரு தடவை கூட முதலிடம் கிட்டவில்லை. 2010 முதல் 2017 வரை எட்டு முறை தொடர்ந்து கல்கத்தா லீகை மட்டும் வென்றார்கள். நம் அபிப்பிராயத்தில் கேடு விளைத்தது அந்த எட்டு வெற்றிகளே. உள்ளூரில் மாலை விழுந்துகொண்டிருந்தவரை, வெளியூரில் கடை காலியாவது கண்ணில் படவில்லை. பெங்களூரும் கோவாவும் புது முறையில் பையன்களைப் பழக்கிக்கொண்டிருக்க, இங்கே பழைய போட்டோக்களுக்குச் சட்டம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

2019 மார்ச்சில் ஒரு கண்டம். ஒரே ஒரு பாயிண்டு வித்தியாசத்தில் ஐ-லீக் கை நழுவியது. பறித்துக்கொண்டது யார் என்கிறீர்கள்? கோயமுத்தூரைத் தன் களமாகக் கொண்ட சென்னை சிட்டி! ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் ஜயித்தும் பயனில்லை. அதே மாலை கோயமுத்தூரில் சென்னை சிட்டியும் ஜயித்துவிட்டது. மறுநாள் பெரியவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "உங்கள் ஊர்க்காரர்கள் செய்தது நியாயமா?" என்று கேட்டார். நாம் பஞ்ச பாண்டவரை நினைவூட்டிப் பார்த்தோம், எடுபடவில்லை. (அந்தச் சென்னை சிட்டியும் 2020-21-க்குப் பிறகு ஐ-லீகில் இல்லாமற் போயிற்று. கால்பந்தில் ராஜ்யங்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்து விழுகின்றன.)

பிறகு பணக்காரர்களின் காலம். 1998-லேயே ஒரே மதுபானக் கம்பெனி இரண்டு கிளப்புகளிலும் பங்கு வாங்கி, இரண்டின் பெயருக்கு முன்னாலும் தன் சரக்கின் பெயரை ஒட்டிப் பார்த்தது உண்டு. ஆனால் 2018-லிருந்து ஈஸ்ட் பெங்காலுக்கு முதலாளிகள் மாறிய வேகம் வாடகை வீட்டுக்குக் குடித்தனம் மாறும் வேகம். பெங்களூர்க் கம்பெனி ஒன்று இரண்டு வருஷம் இருந்து போயிற்று. 2020-ல் ஸிமெண்டுக் கம்பெனி வந்தது. அதன் தயவில்தான் இந்தியன் சூப்பர் லீகில் இடம் கிடைத்தது. வந்த மறு வருஷமே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நிர்வாகிகளுக்கும் கம்பெனிக்கும் தகராறு. 2021 ஜூலையில் கிளப் வாசலில் ரசிகர்கள் கூடிக் கலகமாகி, போலீஸ் தடியடி வரைக்கும் போயிற்று. தகராறு ஓய்ந்து ஆள் சேர்க்கத் தொடங்கியபோது நல்ல ஆட்டக்காரர்களை மற்றவர்கள் கொண்டுபோயிருந்தார்கள். அந்த 2021-22 பருவத்தில் இருபது ஆட்டங்களில் கிடைத்த வெற்றி ஒன்றே ஒன்று. பதினொரு கோஷ்டிகளில் பதினோராவது இடம்.

அந்தப் பருவத்தில்தான் மருந்துக் கடையில் நாம் ஒரு மாறுதலைக் கவனித்தோம். முதலில் கடைக்காரருக்குக் குதூகலம்தான். "தாதா, இரத்த அழுத்த மாத்திரை இரண்டு பட்டையாக எடுத்துப் போங்கள், சனிக்கிழமை எங்களோடு ஆட்டம்" என்பார். பெரியவரும் சும்மா இருக்கவில்லை. மோகன் பகான் 2020-ல் ஏ.டி.கே. என்ற கம்பெனிக் கோஷ்டியோடு இணைந்து, அந்த மூன்றெழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்துகொண்டிருந்தது. "நாங்கள் தோற்றாலும் எங்கள் பெயரோடு தோற்கிறோம் பாய்" என்று ஒரு குத்துக் குத்துவார். கடைக்காரர் முகம் சுண்டிவிடும். மோகன் பகான் ரசிகர்களே அந்த எழுத்துக்களை நீக்கச் சொல்லிக் கிளர்ச்சி செய்துகொண்டிருந்த காலம் அது, 2023-ல்தான் நீங்கின.

ஆனால் தோல்விமேல் தோல்வியாக வரவர, பரிகாசம் குறைந்தது. 2022 ஜனவரியில் மோகன் பகான் மறுபடியும் 3-1 என்று வென்ற மறுநாள் கடையில் பேச்சே இல்லை. பெரியவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு படியேறிப் போனார். கடைக்காரர் நம்மிடம் திரும்பி, கோபமாகவே சொன்னார்: "இவர்கள் ஆடுகிறவர்களில் ஒருவனுக்காவது எழுபத்தைந்தைப் பற்றித் தெரியுமா? வருஷா வருஷம் அந்நிய நாட்டு ஆட்களை மூட்டையாக வாங்குகிறார்கள், மூட்டையாக அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் இவர்கள் கிளப்பில் ஒரு பையன் சேர்ந்தால் எங்களுக்குத் தூக்கம் வராது. இப்போது எங்களுக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது, ஸார். இது என்ன பிழைப்பு?"

அதன் பிறகு 2023 ஆகஸ்ட் 12. டூரண்ட் கோப்பையில் இரு கோஷ்டிகளும் சந்தித்தன. அதற்கு முன் எட்டு மோதல்களில் தொடர்ந்து எட்டுத் தோல்வி. நாலரை வருஷமாக வெற்றி இல்லை. இரண்டாம் பாதியில் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர் ஒருவர் பந்தை உள்ளே வெட்டி எடுத்துவந்து வலைக்குள் செலுத்தினார். ஆட்டம் 1-0 என்று முடிந்தது. கோல் போட்டவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர்.

தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. பெரியவர் கைத்தடியை மறந்துவிட்டு இறங்கி வந்து நம் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "கோயமுத்தூர்க் கடனைச் சென்னை தீர்த்துவிட்டது" என்றார். கடைக்காரரோ நம்மைக் கண்டதும் வெகுண்டு எழுந்தார். எங்கள் பாதுகாப்புக்காரன் தூங்கிவிட்டான், நடுவர் குருடு, உங்கள் ஊர்ப் பையனுக்கு யார் இந்த வழியைக் காட்டியது என்று இரவு பத்தரை மணி வரை பொரிந்து தள்ளினார். எட்டு வெற்றிகளில் ஒன்றைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு நேரம் பேசி நாம் கேட்டதில்லை. முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் ஒடிஸா கோஷ்டியை 3-2 என்று வென்று ஈஸ்ட் பெங்கால் சூப்பர் கோப்பையைப் பெற்றது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பின் கிடைத்த தேசியக் கோப்பை. ஆனால் சூப்பர் லீகில் மட்டும் விதி விடவில்லை. 2022-23, 2023-24, 2024-25 மூன்று பருவங்களிலும் ஒன்பதாவது இடம். கடைசியாகச் சொன்ன பருவம் தொடங்கியதே தொடர்ந்து ஆறு தோல்விகளோடு.

அதற்குள் நாம் சென்னைக்கு வந்துவிட்டோம். அதே பருவத்தில் மோகன் பகான் லீக் ஷீல்டையும், 2025 ஏப்ரலில் பெங்களூரை 2-1 என்று வென்று கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. வாழ்த்துச் சொல்லலாம் என்று மருந்துக் கடைக்காரருக்குத் தொலைபேசியில் பேசினோம். வாழ்த்தைப் பெற்றுக்கொண்டார், தம் கோஷ்டியைப் பற்றி இரண்டு நிமிஷம் சொன்னார். பிறகு, ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு நல்ல நடுப் பாதுகாப்பு ஆட்டக்காரன் கிடைத்தாலன்றி அடுத்த வருஷமும் உருப்படாது என்று ஆரம்பித்து, யார் யாரை வாங்கலாம், யாரை அனுப்பலாம் என்று முக்கால் மணி நேரம் விவரித்தார். நடுவில் பெரியவரின் குரலும் கேட்டது. அந்தப் பட்டியலில் ஒரு பெயரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது.