வேலூர்க் கோட்டையும் எங்கள் தோலும்

வேலூர் எங்கள் ஆம்பூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் எங்களில் பலர் அங்கே ஆஸ்பத்திரிக்கு மட்டுமே போனவர்கள். எனவே வரலாற்று சிஸ்டர் கோட்டைக்கு அழைத்துச் சென்றபோது, கோட்டையைவிடக் கட்டுச்சோற்றின் மீதே எங்களுக்கு ஆவல் அதிகம்.

அகழியைக் கண்டதும் வாயடைத்துப் போனோம். பதினாறாம் நூற்றாண்டில், விஜயநகரப் பேரரசுக்கு உட்பட்ட நாயக்கர்கள் எழுப்பிய கருங்கல் மதில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. உள்ளே கோயில், மசூதி, 1846-ல் கட்டப்பட்ட புனித யோவான் ஆலயம் மூன்றும் உள்ளன. ஜலகண்டேசுவரர் கோயில் ஒரு காலத்தில் ஆயுதக் கிடங்காக இருந்ததாம்! நெடுங்காலம் மூலவர் இன்றி இருந்த அக்கோயிலில் 1981-ல்தான் மீண்டும் வழிபாடு தொடங்கியது. கல்யாண மண்டபத் தூண்களின் யாளிகளையும் குதிரை வீரர்களையும் பார்க்க ஒரு நாள் போதாது. அருங்காட்சியகத்தை ஓட்டமாகவே முடித்தோம்.

பின்பு மர நிழலில் அமர்ந்து 1806 ஜூலை 10-ஆம் நாளின் கதையைக் கேட்டோம். சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை வந்தது. அதில் தோலால் செய்த சின்னம் இருந்தது. நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும் உத்தரவு. விடியுமுன் கிளர்ச்சி வெடித்தது. கோட்டையில் திப்புவின் கொடி பறந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை விரைந்து வந்து, அன்றைக்கே அதை இரத்தத்தில் அடக்கியது.

'தோல்' என்ற சொல் வந்ததும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் அப்பாக்கள் தோல் பதனிடுகிறார்கள். அம்மாக்கள் ஷூ கம்பெனியில் தைக்கிறார்கள். வெளியூர்ப் பேருந்தில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் மூக்கைப் பிடித்துக் காட்டியவர்களும் உண்டு. ஒருத்தி எழுந்தே விட்டாள்.

"சிஸ்டர், தோல் அவ்வளவு அசிங்கமா?"

சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. "எந்த விலங்கின் தோலோ என்று இந்துக்களும் முஸ்லிம்களும் அஞ்சினார்கள். தங்களைக் கிறிஸ்தவர்களாக்கப் பார்க்கிறார்கள் என்ற பயமும் இருந்தது. கேட்காமல் ஒருவன் தலையில் எதையாவது வைத்தால் கோபம் வராதா, அம்மா?" என்றார். அந்த உத்தரவு பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் 1807-ல் திரும்ப அழைக்கப்பட்டார். எங்களுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பிழை உத்தரவில், தோலில் இல்லை.

மாலையில் பாலாற்றங்கரை முத்து மண்டபம் சென்றோம். வேலூரில் சிறையிருந்து 1832-ல் மறைந்த கண்டி அரசர் விக்கிரம ராஜசிங்கரின் சமாதி அது. ஆற்றில் மணல்தான் இருந்தது. தோல் கழிவுநீர் இந்த ஆற்றைக் கெடுத்ததால், சுத்திகரிக்காத ஆலைகள் இயங்கக் கூடாது என 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைச் சிஸ்டர் சொன்னார். எங்களுக்குச் சோறு போடும் தொழிலைப் பற்றி அப்படிக் கேட்பது கசந்தது. ஆனாலும் எங்கள் தெருக் கிணற்று நீரின் ருசி எங்களுக்குத் தெரியாததா?

காலையில் கேள்வி கேட்ட அதே தோழி, பேருந்தில் ஏறும்வரை மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.