குறை ஸ்பீக்கரிலா, காதிலா?

எங்கள் ஈசூன் வீட்டில் தொலைக்காட்சிக்கு இருபக்கமும் நிற்கும் ஸ்பீக்கர்களுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. 1993ல் போனஸ் பணத்தில் அப்பா வாங்கியவை. என் பள்ளிப் பருவத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவற்றின் சத்தத்தில்தான் விடிந்தன. ஆனால், ஓராண்டாக அப்பா அவற்றைப் போடுவதே இல்லை. "பாட்டு கேக்குதும்மா, வார்த்தைதான் புரியமாட்டேங்குது" என்பார். ஒலி 96.8 செய்தியைக் கேட்டுவிட்டு, "என்ன சொன்னாங்க?" என்று அம்மாவிடம் கேட்பார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

அப்பா கப்பல் பட்டறையில் 27 ஆண்டு வேலை செய்தவர். "காதுதான்க்கா, ஸ்பீக்கர் இல்ல" என்று தம்பி சொன்னான். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என் காதுல ஒண்ணும் இல்ல. ஸ்பீக்கருக்குத்தான் வயசாயிடுச்சு." அப்படியென்றால் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று தம்பி அடெல்ஃபி கடைத்தொகுதிக்குப் போய் விலை கேட்டு வந்தான். அந்தப் பணத்தில் நான்கு பேர் ஊருக்குப் போய் வரலாம் என்றார் அம்மா. இருப்பதை முதலில் ஒழுங்காக்குவோம், அதன்பிறகும் புரியவில்லை என்றால் பார்க்கலாம் என்றேன் நான். மின்னணுவியல் படித்த பிள்ளை என்பதால் வீட்டில் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

காசு செலவில்லாத வேலையில் இருந்து தொடங்கினேன். இரண்டு பெட்டிகளும் சுவரோடு சுவராக, மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் தலையில் மணிபிளாண்ட் தொட்டி. சுவரும் மூலையும் கீழ்ச்சுருதி ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். தபேலா 'தும் தும்' என்று பெரிதாகக் கேட்கும், பாடகர் குரல் அதற்குள் மூழ்கிவிடும். பெட்டிகளைச் சுவரிலிருந்து ஏறக்குறைய 40 செண்டிமீட்டர் முன்னால் இழுத்தேன். தரையில் இருந்தவற்றை அப்பா உட்காரும்போது அவர் காது உயரத்துக்கு ட்வீட்டர் வரும்படி ஸ்டூல் மேல் ஏற்றினேன். ட்வீட்டர் என்பது மேல்ச்சுருதி ஒலியைத் தரும் சின்ன வட்டம். அந்த ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். முழங்காலைப் பார்த்து வைத்தால் முழங்கால்தான் கேட்கும். அடியில் ரப்பர் துண்டுகள் வைத்தேன். அது கீழ்வீட்டுச் சீன ஆண்டிக்காகவும்தான்.

இரண்டு பெட்டிகளும் அப்பாவின் நாற்காலியும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். இடது பெட்டி நிற்க வேண்டிய இடத்தில் அம்மாவின் சாமி மேடை. அரைமணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு நகர்ந்தது நாற்காலிதான், முருகன் நகரவில்லை.

அடுத்து கையைத் தட்டிப் பார்த்தேன். கான்கிரீட் சுவர், ஓடு பதித்த தரை, கண்ணாடி சன்னல். தட்டிய சத்தம் 'டிங்' என்று இழுத்தது. இந்த எதிரொலி ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலையில் ஏற்றிவிடும். தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் தடித்த திரைச்சீலையை மாட்டி, நாற்காலிக்கு முன்னால் ஒரு தரைவிரிப்பைப் போட்டதும் இழுப்பு பாதியாகக் குறைந்தது.

வயரைப் பார்த்தபோது ஓர் அதிசயம். வலதுபக்கப் பெட்டியில் சிவப்பு முனையில் கறுப்பு, கறுப்பு முனையில் சிவப்பு. வீட்டுக்கு வர்ணம் பூசியபோது யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இப்படி மாறினால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். கீழ்ச்சுருதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலியும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. உங்கள் வீட்டில் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அறுபதுகளின் தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் மோனோவில் பதிவானவை. பி. சுசீலா பாடிய பழைய பாட்டு ஒன்றைப் போட்டு நடுவில் உட்காருங்கள். குரல் இரண்டு பெட்டிகளுக்கும் சரியாக நடுவில், யாரோ நிற்பது போல வர வேண்டும். அறை முழுக்கப் பரவினால் வயரைப் பாருங்கள்.

பெரிய வேலை முன்வலையைக் கழற்றியதும் தெரிந்தது. எட்டு அங்குல வூஃபரின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையம் பொடியாகியிருந்தது. விரல் பட்டதும் பழைய கேக் போல உதிர்ந்தது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அந்த ஈரம் ஃபோமை மெல்ல மெல்ல அரித்துவிடும். ரப்பர் வளையம் என்றால் இன்னும் நாள் தாங்கும். இந்த நிலையில் பலர் பெட்டியையே கீழே குப்பைத்தொட்டியருகே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். கூம்பும் காந்தமும் நன்றாகவே இருக்கும், போனது வளையம் மட்டும்தான்.

வளையத்தை இணையத்தில் வாங்கினேன், பசையோடு சேர்த்து 38 வெள்ளி. எட்டு அங்குலம் என்று சொல்லி வாங்கினால் போதாது. கூம்பின் விட்டம், இரும்புச் சட்டத்தின் விட்டம் இரண்டையும் அளந்து ஒப்பிட வேண்டும். பழைய பசையைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து எடுக்கவே ஒரு சனிக்கிழமை போனது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தார். புது வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டி, அது பிடித்த பிறகு சட்டத்தில் ஒட்ட வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போதே இரண்டு கை விரல்களாலும் கூம்பை மெதுவாக அழுத்தி விட வேண்டும். 'சர்க்' என்று உரசினால் உள்ளே இருக்கும் சுருள் நடுவில் இல்லை என்று பொருள், கொஞ்சம் நகர்த்த வேண்டும். இந்த இடத்தில் நான் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பட்டறையில் நூலளவு பார்த்துப் பொருத்திய கை. பிறகு 24 மணி நேரம் யாரும் தொடவில்லை.

ட்வீட்டருக்குப் போகும் வழியில் இருந்த பழைய கெபாசிட்டர்களையும், சிம் லிம் டவரில் அதே மைக்ரோஃபாரட் அளவில் வாங்கி மாற்றினேன். சில வெள்ளிதான் செலவு. பழையவை காய்ந்துபோனால் மேல்ச்சுருதி மங்கும். நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு விற்கும் ஸ்பீக்கர் வயரை மட்டும் நான் வாங்கவில்லை. ஐந்து மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் தாராளம்.

ஞாயிறு மாலை அப்பா எடுத்துக்கொடுத்தது 'ப்ரியா' பட சிடி. 1978ல் பெரும்பகுதி சிங்கப்பூரில் எடுத்த படம். தமிழில் ஸ்டீரியோவில் பாடல் பதிவான முதல் படம் என்றும் சொல்வார்கள். ஜேசுதாஸ் குரல் நடுவில் நின்றது, வயலின்கள் பக்கவாட்டில் விரிந்தன. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுவிட்டார்.

அப்பா இரண்டு பாட்டு முழுதாகக் கேட்டார். "கிடார் கேக்குது. முன்ன இது இருந்ததே தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சில வார்த்தை இன்னும் பிடிபடலம்மா" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பல ஆண்டு இரைச்சலில் வேலை செய்தவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் மங்குவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுப்பகுதி. 'ச', 'ஸ' போன்ற சீறல் ஒலிகளுக்கு அந்தப் பகுதி வேண்டும். அதனால்தான் சத்தம் கேட்டும் சொல் புரிவதில்லை. சுவரும் வயரும் ஃபோமும் மறைத்த அளவு விலகிவிட்டது. மிச்சம் இருப்பதற்கு என் ஸ்குருடிரைவர் போதாது.

அதை அப்பாவே கண்டுகொண்டார். மறுநாள் காலை பலதுறை மருந்தகத்துக்கு எப்படி முன்பதிவு செய்வது என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் 14ஆம் தேதி காது பரிசோதனை. அதுவரைக்கும் நாற்காலியை இன்னும் ஓர் அடி முன்னால் தள்ளிப் போட்டிருக்கிறோம், பெட்டிகளையும் அதற்கேற்பக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பியிருக்கிறேன். மணிபிளாண்ட் இப்போது சன்னலோரம் இருக்கிறது.