அண்ணனின் ஊசி

என் தமையனாருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் முற்றிவிட்டது என்று அறிந்த நாள்முதல், திங்கள்தோறும் அவரை ஊசிக்கு அழைத்துச் செல்பவன் நானே. "இத்துணூண்டு மருந்து ஒரு மாதம் எப்படித் தம்பி தாங்கும்?" என்று ஒருநாள் வினவினார். முப்பதாண்டு ஆசிரியனாகிய எனக்கு விடை தெரியவில்லை, நாணமாயிருந்தது.

தேடிப் படித்தேன். லியூப்ரோலைடு என்னும் அம்மருந்து உடலில் சில மணி நேரத்தில் தேய்ந்துபோகும். 1985இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றபோது நாள்தோறும் ஊசி போட வேண்டியிருந்ததாம். 1989இல்தான் மாத ஊசி வந்தது. லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் சங்கிலியாய்ப் பிணைந்த பலபடியால் நுண்ணுருண்டைகள் செய்து, மருந்தை அவற்றுள் பொதிந்தனர். உடலின் நீர் அச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாய் அறுக்க, மருந்து சிறுகச் சிறுகக் கசிகிறது. எஞ்சும் அமிலங்களை உடல் நீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். லாக்டிக் அமிலம் வேறெதுவுமன்று, தயிரின் புளிப்பே!

இதைச் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் அம்மா உறை ஊற்றிய தயிர்தான் இன்னமும் என்னைக் காக்கிறது என்று சொல்."

மருந்து நோயைக் கட்டுப்படுத்துமேயன்றித் தீர்க்காது. அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த ஊசி வரும் வெள்ளிக்கிழமை.